பொன்னா, பைரைற்றா, மைக்காவா? கற்பலகையில் மின்னுவது எது என்று பிரித்தறிய ஓர் ஒப்பீட்டு அலசல்

மின்னும் கற்பலகை ஒன்று கைக்கு வந்தால், மின்னுவதைச் சற்று மறந்துவிட்டு அந்தக் கல் எங்கே கிடந்தது என்று முதலில் விசாரியுங்கள். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடித்தளம் பெரும்பாலும் விஜயன் தொகுதிப் பாறை. நிலத்தடியில் ஆழத்தில் வெந்து, நசிந்து, உருமாறிய நைஸ் அது. உன்னிச்சை, புல்லுமலைப் பக்கமிருந்து கருங்கல் என்று லொறியில் வந்து இறங்குவதில் பெரும்பங்கு இந்த இனமே. வெள்ளை வரியில் குவாட்ஸ், பெல்ட்ஸ்பார் என்னும் வெளிர் கனிப்பொருள்கள் இருக்கும். கறுப்பு வரியில் ஹோர்ன்பிளெண்ட் என்னும் கரிய கனிப்பொருளும், ஏடு ஏடாக உரியும் கறுப்பு மைக்காவும் இருக்கும். வரி வழியாக உளி வைத்தால் பலகையாகப் பிளப்பதும் அந்த மைக்காவால்தான். இந்த நைஸை வெட்டிக்கொண்டு சில இடங்களில் டொலரைற் என்னும் கரும்பாறை சுவர்போல் ஓடுகிறது. அதற்கு வரி கிடையாது, மணி நுண்ணியது, பாரம் கூடியது.

இந்த வேறுபாடு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். வரியோடு வரியாக, தட்டைத் தட்டையாக மின்னினால் சந்தேகம் மைக்காவில் விழவேண்டும். வரியில்லாத கரும்பாறையில் ஊசிமுனை அளவில் பித்தளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது இரும்புச் சல்பைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிப்பொருளாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு பக்கத்தில் வாள் வெட்டின் நேர்கோடுகளோ, சீரான 2 சென்ரிமீற்றர் தடிப்போ, பொலிஷோ இருந்தால் அது கடைச் சரக்கு. இந்தியாவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வரும் கறுப்புக் கிரனைட்டுகளிலும் பித்தளைப் புள்ளிகள் சாதாரணம். அத்தகைய துண்டை வைத்து இங்குள்ள நிலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். கல்லில் எழுத்தோ, உளி செதுக்கிய விளிம்போ, தூண் பொருத்தும் குழியோ தென்பட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள். அது தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய பொருள்.

மஞ்சளாக மின்னுபவை

இங்கே போட்டியிடுபவர்கள் நால்வர்: காற்றும் மழையும் பட்டுப் பொன்னிறமான கறுப்பு மைக்கா, பைரைற் என்னும் இரும்புச் சல்பைட், சல்கோபைரைற் என்னும் செம்புக் கனிப்பொருள், தங்கம். பைரைற்றின் உறவான பிரோட்டைற்றையும் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

கல்லின் மேற்பரப்பை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு மூலையை உடைத்துப் புது முகம் எடுங்கள். உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதற்கு அருகே கொண்டுவந்து, வெயிலில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மைக்கா ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி, சற்றுத் திருப்பியதும் அணைந்துவிடும். தங்கம் எந்தப் பக்கம் திருப்பினாலும், நிழலில் பிடித்தாலும் ஒரே மஞ்சள்தான். பைரைற் வெளிறிய பித்தளை நிறம். பல தடவை சிறு கனசதுரங்களாக இருக்கும், அவற்றின் முகத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். சல்கோபைரைற் அதைவிட அழுத்தமான மஞ்சள். பழைய முகத்தில் ஊதாவும் நீலமும் கலந்த பூச்சு ஏறும். வெடிப்புகளில் பச்சைக் கறை படிந்திருந்தால் செம்பு இருப்பதற்கு அது வலுவான சாட்சி. பிரோட்டைற் செம்மை கலந்த வெண்கல நிறம்.

அடுத்தது தையல் ஊசி. உருப்பெருக்கியில் பார்த்தபடி ஒரு புள்ளியைக் குத்துங்கள். மைக்கா ஏடு ஏடாக உரியும். அந்த ஏடு வளைந்து மீளும். பைரைற் ஊசிக்கு மசியாது. கூட அழுத்தினால் பொடியாகத் தெறிக்கும். சல்கோபைரைற்றிலும் பிரோட்டைற்றிலும் கீறல் விழும், ஓரத்தில் கறுப்புத் தூள் சேரும். தங்கத்தில் குழி விழும், தூள் வராது. இந்த ஒரு சோதனையே பெரும்பாலான தங்கக் கனவுகளுக்கு விடை சொல்லிவிடும்.

பிறகு கீறல் நிறம். கனிப்பொருளை மெருகில்லாத பீங்கானில் தேய்த்தால் விழும் தூளின் நிறம் அது. வெளி நிறம் ஏமாற்றும், தூளின் நிறம் ஏமாற்றுவது அரிது. இதற்கென்று பலகை வாங்கத் தேவையில்லை: உடைந்த தரை மாபிளின் (டைலின்) அடிப்பக்கம் போதும். ஆனால் வெள்ளை அடி உள்ள, கடினமான வகையாகப் பாருங்கள். சிவப்பு மண் அடி கொண்ட சுவர் மாபிள் தானே கரைந்து நிறத்தைக் கெடுக்கும். புள்ளி சிறிதென்றால் கல்லோடு சேர்த்துத் தேய்க்கக் கூடாது. பக்கத்திலுள்ள குவாட்ஸ் மாபிளையே அரைத்து வெள்ளைத் தூளைக் கலந்துவிடும். ஊசியால் மணியைக் கெல்லி எடுத்து, இரண்டு மாபிள் துண்டுகளுக்கு இடையில் வைத்து நசுக்கித் தேய்க்க வேண்டும். ஆணியாலோ கரண்டியாலோ நசுக்கினால் அந்த இரும்பே சாம்பல் கோடு போட்டுவிடும். பைரைற்றும் சல்கோபைரைற்றும் பச்சை கலந்த கறுப்பு, பிரோட்டைற் கருஞ்சாம்பல், மைக்கா வெள்ளை அல்லது வெளிறிய சாம்பல், தங்கம் பொன் மஞ்சளே.

பைரைற்றையும் சல்கோபைரைற்றையும் கீறல் நிறத்தால் பிரிக்க முடியாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே பேனாக்கத்திதான் நடுவர்: 1 முதல் 10 (வைரம்) வரையான மோஸ் அளவில் சல்கோபைரைற்றின் கடினம் 3.5 முதல் 4 வரை, கத்தி கீறும். பைரைற் 6 முதல் 6.5 வரை, கத்தி வழுக்கும். பிரோட்டைற்றைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். நூலில் தொங்கவிட்ட சிறு நியோடிமியம் காந்தம் அதன் பக்கம் மெல்ல இழுபடும்.

பட்டறையில் நைத்திரிக் அமிலம் விட்டுப் பார்ப்பது உண்டு. அமிலத்தில் கரையவில்லை, ஆகவே தங்கம் என்ற முடிவு தவறு. பைரைற் கரையும், உண்மை. ஆனால் பொன்னிற மைக்கா ஏடு சில நிமிடங்களில் கரையாது. அப்படியே மின்னிக்கொண்டு கிடக்கும். அமிலம் சல்பைட்டோடு சேரும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலைப் பாதிக்கும் நச்சு. மூடிய அறையில் இதைச் செய்யவே வேண்டாம். மைக்காவுக்கு நல்ல சோதனை தீ: ஏடொன்றை இடுக்கியில் பிடித்து லைட்டர் சுடரில் காட்டுங்கள். உருக்குலைந்த பொன்னிற மைக்கா பல தடவை புழுப்போல் நீண்டு ஊதும். பைரைற்றைச் சூடாக்கினால் கந்தக நெடி வரும்; அதை வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நின்று செய்ய வேண்டும். உடைக்கும்போதே உள்ளிப்பூண்டு மணம் வந்தால் ஆர்சனிக் கலந்த கனிப்பொருளாக இருக்கலாம். அதைத் தீயில் காட்டக் கூடாது.

எங்கள் கணிப்பு: வரியுள்ள உள்ளூர் நைஸில் மஞ்சள் மினுக்கம் என்றால் மைக்கா முதலிடம், இரும்புச் சல்பைட்டுகள் அடுத்து. செம்பு அரிது, ஆனாலும் இந்தப் பகுதியில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. வெருகலுக்கு அப்பால், திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் 1971 இல் கண்டறியப்பட்ட படிவில் சல்கோபைரைற்றும், காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிப்பொருளான மக்னற்றைற்றும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே பச்சைக் கறை, மஞ்சள் புள்ளி, காந்தத்தில் ஒட்டும் கறுப்பு மணி மூன்றும் ஒரே பலகையில் கூடினால் அந்தக் கல்லை வீசிவிடாதீர்கள்.

கறுப்பும் வெள்ளியும்

இந்தப் பக்கம் காந்தம் வேலையைச் சுருக்கிவிடும். இரண்டு காந்தங்கள் தேவை: சாதாரண ஸ்பீக்கர் காந்தம் ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்கில் கிடைக்கும் பலமான காந்தம் ஒன்று. கல்லைப் பொடியாக்கி, காந்தத்தைக் கடதாசியில் சுற்றிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தூளைக் காந்தத்திலிருந்து பிரிக்க முடியாமல் அல்லாடுவீர்கள். சாதாரண காந்தத்துக்கே துள்ளி ஏறினால் மக்னற்றைற், கீறல் கறுப்பு. சாதாரணத்துக்கு அசையாமல், பலமான காந்தத்தில் மட்டும் தயங்கித் தயங்கி ஒட்டினால் இரும்பும் தைத்தானியமும் கொண்ட இல்மனைற். கீறல் கறுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை. திருக்கோவில் கரையில் காணும் கருமணலில் இந்த இல்மனைற்றோடு சிவந்த கார்னற்றும் கிடக்கும். ஒரு பிடி அள்ளி இரண்டு காந்தத்தாலும் பழகிக்கொண்டால், பலகையில் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கை தயாராகிவிடும். ஒரே மணிக்குள் மக்னற்றைற்றும் இல்மனைற்றும் பின்னிக் கிடப்பதும் உண்டு. அப்போது காந்தம் மக்னற்றைற் என்றே சொல்லும். தைத்தானியம் இருப்பதை ஆய்வுகூடம்தான் காட்டும்.

வெள்ளிபோல் மின்னி, கீறல் செங்காவி நிறத்தில் விழுந்தால் ஹெமற்றைற் என்னும் இரும்புக் கனிப்பொருள். விரலில் கறுப்பாக ஒட்டி, கடதாசியில் எழுதினால் பென்சில்கரி. கையில் தூக்கினால் இலேசாக இருக்கும், அதன் அடர்த்தி 2.2 அளவுதான். இலங்கையில் பேர்போன போகல, கஹட்டகஹ பென்சில்கரிச் சுரங்கங்கள் நாட்டின் மறுபக்கத்தில் உள்ளன. கிழக்கு நைஸில் சாம்பல் ஏடு கண்டால் முதலில் மைக்காவா என்று பாருங்கள். ஈயக் கனிப்பொருளான கலீனா சிறு படிக்கட்டுகள்போல் சதுரமாக உடையும், ஈயச் சாம்பல் கீறல், அடர்த்தி 7.5. அதைத் தொட்டபின் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

இரும்புபோல் பாரமாக, காந்தத்தில் ஒட்டி, உள்ளே காற்றுக் குமிழித் துளைகளும் கண்ணாடிப் பளபளப்பும் இருந்தால் அது பாறையே அல்ல. இரும்பு உருக்கிய கசடு. விண்கல் என்று நம்பிக் கொண்டுவரப்படுவதில் பெரும்பகுதி இதுதான். விண்கல்லில் குமிழித் துளை இருப்பது மிக அரிது.

எவ்வளவு இருக்கிறது?

என்ன கனிப்பொருள் என்று தெரிந்தபின், அளவைத் தராசு சொல்லும். கைப்பிடி அளவுத் துண்டை எடுத்து, சமையல் டிஜிட்டல் தராசில் நிறுத்து எழுதுங்கள். பிறகு தண்ணீர் வாளியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம் அளவே கல்லின் கன அளவு. 1320 கிராம் கல், தண்ணீரில் 480 காட்டினால், 1320 ஐ 480 ஆல் பிரிக்க 2.75. இது சாதாரண நைஸ். டொலரைற், அம்பிபொலைற் போன்ற கரும்பாறைகள் 2.9 முதல் 3.1 வரை வரும். 3.5 ஐத் தாண்டினால் பாரமான கனிப்பொருள் கணிசமாக இருக்கிறது. கிணற்று நீரையே பாவியுங்கள். கடல் நீரில் செய்தால் விடை 2 முதல் 3 வீதம் வரை பிசகும். கல்லில் ஒட்டிய குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

மினுக்கமே இல்லாத பக்கத்துத் துண்டொன்று 2.70, மினுக்கமுள்ள துண்டு 2.85, மினுங்குவது பைரைற் (அடர்த்தி 5.0) என்று வையுங்கள். வித்தியாசம் 0.15 ஐ 2.30 ஆல் பிரித்தால் கன அளவில் சுமார் 6.5 வீதம் பைரைற். கண்ணுக்கு மொத்தக் கல்லும் மினுங்குவதாகத் தோன்றியிருக்கும்.

எந்தச் சோதனைக்குக் காசு கொடுப்பது?

நகைக்கடையில் மாற்றுப் பார்க்கும், எக்ஸ்கதிரால் மூலகங்களை அறியும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் கல்லை வைப்பதுதான் பலர் செய்யும் முதல் காரியம். அது உலோகக் கலவைக்கென்று அமைக்கப்பட்ட இயந்திரம். சிலிக்காவையும் ஒட்சிசனையும் கணக்கிலெடுக்காமல், தான் கண்ட உலோகங்களை மட்டும் கூட்டி 100 ஆக்கிக் காட்டும். ஒரு சொட்டுச் செம்பு அங்கே பெரிய வீதமாகத் தெரியும். அந்தத் தாளை நம்பி எந்தப் பேரமும் பேசாதீர்கள். மண், பாறை முறையில் இயக்கும் எக்ஸ்ஆர்எஃப் பயனுள்ளது, ஆனால் அது மூலகத்தைச் சொல்லும், கனிப்பொருளைச் சொல்லாது: இரும்பு என்று காட்டினால் மக்னற்றைற்றா ஹெமற்றைற்றா என்பது தெரியாது. எக்ஸ்கதிர் படிகத்தில் சிதறும் விதத்தைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி, கனிப்பொருளின் பெயரையே தரும். ஆனால் ஒன்றிரண்டு வீதத்துக்குக் குறைவானது அதில் தப்பிவிடும். ஆகவே புள்ளிகளைக் கெல்லிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், முழுக் கல்லை அரைத்துக் கொடுத்தால் குவாட்ஸ் என்றுதான் பதில் வரும்.

எங்களைக் கேட்டால், ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் நுண்காட்டிச் சோதனைக்குக் கொடுங்கள். கல்லை 0.03 மில்லிமீற்றர் மெல்லியதாகத் தேய்த்துப் பார்க்கும் முறை தாய்ப்பாறையைத் துல்லியமாகச் சொல்லும். உலோகக் கனிப்பொருள்கள் அதில் வெறும் கறுப்பாகத் தெரியும் என்பதால், பொலிஷ் செய்த முகத்தில் ஒளி தெறிக்கவிட்டுப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையும், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமும் விசாரிக்க வேண்டிய இடங்கள். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி அகழவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் தேவை. சொந்தக் காணியில் கிடைத்தது என்றாலும் முதலில் பணியகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆகுமா?

மைக்கா மின்னும் நைஸ் படிக்கட்டுக்கும் கிணற்றடித் துவைகல்லுக்கும் தாராளமாக ஆகும்; ஏடு உரியும் பக்கத்தை மேலே வைக்காதீர்கள். மக்னற்றைற், இல்மனைற் மணிகளாலும் கேடில்லை. சல்பைட் உள்ள கல்தான் வில்லங்கம். ஈரமும் காற்றும் பட்டால் பைரைற்றும் பிரோட்டைற்றும் துருவாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். துருக்கறை வழியும், அமிலம் சீமெந்தை அரிக்கும். அமெரிக்காவின் கனெற்றிகட்டிலும் கனடாவின் கியூபெக்கிலும் பிரோட்டைற் கலந்த சல்லியால் வீட்டு அத்திவாரங்களே வெடித்தன. மாரிக்கு நிலத்தடி நீர் மேலெழும் எங்கள் கரையோரக் காணிகளில் இப்படியான கல்லையோ சல்லியையோ கொங்கிறீற்றுக்குள் போடவே கூடாது. சந்தேகமென்றால் துண்டொன்றை வாளியில் பாதி நனையும்படி வைத்து, நீர் வற்ற வற்ற ஊற்றி, சில மாதங்கள் விட்டுப் பாருங்கள். புள்ளிகளைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையம் விழுந்தால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்பலாம். வளையம் விழாததை மட்டும் வைத்து நல்ல கல் என்று சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள், பிரோட்டைற் வேலையைக் காட்டப் பல வருடங்கள் எடுப்பதும் உண்டு. அதற்குக் காந்தத்தையும் ஊசியையும்தான் நம்ப வேண்டும்.