ஸ்டைல்ஷீட் மொழிக்கு எந்த எழுத்துமுறை? மூன்று கட்சிகள்

ஆவணத்தில் உள்ள தலைப்புகள் எல்லாம் சிவப்பாக வரவேண்டும். ஆவணத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பான ஸ்டைல்ஷீட்டில் இந்தச் சின்ன விஷயத்தை எப்படி எழுதுவது என்பதில் 1990-களில் மூன்று கட்சிகள் இருந்தன.

முதல் கட்சி லிஸ்ப் என்ற நிரல் மொழியின் ஆட்கள். 1996-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த டிஎஸ்எஸ்எஸ்எல் என்ற ஸ்டைல்ஷீட் மொழி, லிஸ்ப் குடும்பத்து ஸ்கீம் மொழியின் மேல் கட்டப்பட்டது. எல்லாமே வளைவு அடைப்புக்குறிக்குள்தான். முழு நிரல் மொழி என்பதால் பொருளடக்கம், குறுக்குக் குறிப்பு என்று எதையும் கணக்கிட்டு வரவழைக்கலாம். எனக்கு இது பிடிக்கும். ஆனால், நிரல் எழுதிப் பழகாத அச்சுக்கோப்பாளர் கையில் இதைக் கொடுக்க எனக்கே மனம் வராது.

இரண்டாவது கட்சி, ஸ்டைல்ஷீட்டையே எக்ஸ்எம்எல்லில், அதாவது டேக் என்ற கோண அடைப்புக் குறிகளால் தகவலைக் கட்டும் வடிவத்தில், எழுது என்றது. 1997-இல் மைக்ரோசாஃப்ட், ஆர்பர்டெக்ஸ்ட், இன்சோ மூன்றும் சேர்ந்து முன்வைத்த எக்ஸ்எஸ்எல் இந்த வழி. எழுதியதைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்ஸர் தனியாக வேண்டாம். ஒரு ஸ்டைல்ஷீட்டை வைத்து இன்னொன்றை உருவாக்கலாம். இரண்டாவது லாபம் நிஜமானது. எக்ஸ்எம்எல் கோப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்கீமாட்ரான் விதிகளை, எக்ஸ்எஸ்எல்டியாக (எக்ஸ்எஸ்எல்லின் உருமாற்ற மொழி) மாற்றும் வேலையை இன்னொரு எக்ஸ்எஸ்எல்டிதான் செய்தது.

முதல் லாபம்தான் கைக்கு எட்டவில்லை. 1997 முன்மொழிவில் ஆவணத்தின் எந்த எலிமெண்ட்டை (தலைப்பு, பத்தி போன்ற பகுதி) பிடிப்பது என்பதைக்கூட டேக் போட்டே சொன்னார்கள். 1999-இல் எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தபோது அந்த வேலை எக்ஸ்பாத் என்ற குட்டி மொழிக்குப் போய், டேக்குக்குள் எழுதும் ஒரு பண்புக்கூறின் மேற்கோளுக்குள் உட்கார்ந்துவிட்டது. அதற்குத் தனி பார்ஸர் எழுதித்தான் ஆகவேண்டும். சரி, எல்லாம் எக்ஸ்எம்எல்தான் என்ற சொந்த விதியை மீறியாவது எழுதுவது எளிதானதா என்றால், அதுவும் முழுசாக இல்லை. ‘விடச் சிறியது’ குறியை அந்த மேற்கோளுக்குள் நேரடியாகப் போட முடியாது. ஆம்பர்சாண்ட், எல், டி, அரைப்புள்ளி என்று நாலு எழுத்தாகத் தட்டவேண்டும். ‘இஃப்’ உண்டு, ‘எல்ஸ்’ கிடையாது. இரண்டு வழி வேண்டுமென்றால் சூஸ், வென், அதர்வைஸ் என்று மூன்று டேக்குகளைத் திறந்து மூடவேண்டும். பிற்பாடு வந்த எக்ஸ்குவரி என்ற எக்ஸ்எம்எல் தேடல் மொழி, மனிதர்களுக்கு டேக் இல்லாத எழுத்துமுறையை வைத்துக்கொண்டு, எக்ஸ்எம்எல் வடிவத்தை எக்ஸ்குவரிஎக்ஸ் என்று தனியாக ஒதுக்கிவிட்டது. புத்திசாலித்தனம்.

மூன்றாவது கட்சி, வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ். ஹாக்கோன் வியூம் லீ 1994-இல் முன்வைத்தார், 1996 டிசம்பரில் முதல் தரம் வந்தது. எச்1, நெளிவு அடைப்பு, கலர், முக்காற்புள்ளி, ரெட், அடைப்பு முடிந்தது. சுருக்கமாக இருந்ததால் ஜெயித்தது என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. புரியாத வரியைத் தாண்டிவிட்டு அடுத்ததைப் படி என்று பிரவுசருக்கு முதலிலேயே விதி வைத்தார்கள். அதனால்தான் கிரிட் என்ற கட்டம் போட்டு அடுக்கும் புது வசதி பற்றித் தெரியாத பழைய பிரவுசரும் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காட்டுகிறது. எக்ஸ்எம்எல்லில் ஒரு டேக் மூடாமல் போனால் கோப்பு மொத்தமும் அவுட்.

சிஎஸ்எஸ்ஸில் அப்போது மாறிகள் (ஒரு மதிப்புக்குப் பெயர் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வசதி) கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தரும் சாஸ் என்ற மொழி 2006-இல் வந்தது. முதலில் நெளிவு அடைப்பைத் தூக்கிவிட்டு வரி உள்தள்ளலை நம்பியது. 2010-இல் எஸ்சிஎஸ்எஸ் என்ற பெயரில் அடைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கையில் இருக்கும் சிஎஸ்எஸ் கோப்பை அப்படியே உள்ளே போடலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி.

இப்போது ஒரு மொழியை வடிவமைக்கச் சொன்னால், மனிதர் எழுதுவதற்கு சிஎஸ்எஸ் பாணி செலக்டரும் (எச்1 போல எதைப் பிடிப்பது என்று சொல்லும் பகுதி) புரியாததைத் தாண்டிப் படிக்கும் விதியும் வைப்பேன். இன்னொரு நிரல் உருவாக்கித் தரும் ஸ்டைல்ஷீட் என்றால் மட்டும் எக்ஸ்எம்எல்.