பி0420: கன்வெர்ட்டரைக் கழற்றும் முன் எந்தச் சோதனை?

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0420 என்று வந்தால் பட்டறையில் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது "கன்வெர்ட்டர் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பதுதான். எனக்கும் அதையே சொன்னார்கள். (கன்வெர்ட்டர் என்பது புகைக் குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்.) ஆனால் அந்தக் கோடு, அதாவது பிழைக் குறியீடு, அவ்வளவு தூரம் சொல்வதில்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் தரும் அளவை வைத்து, 'இதன் திறன் வரம்புக்குக் கீழே போயிருக்கும்' என்று காரின் கணினி கணித்திருக்கிறது. அவ்வளவுதான். கன்வெர்ட்டருக்குள் எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது.

எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன: பின் சென்சாரை மாற்றிப் பார்ப்பது, வெப்பமானித் துப்பாக்கியால் சூட்டை அளப்பது, லைவ் டேட்டா, அதாவது சென்சார் அளவுகளை ஓடும்போதே காட்டும் ஸ்கேனரை வைத்துக்கொண்டு உட்காருவது. நான் மூன்றாவதன் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்சாரை மாற்றுவது சாட்சியை மாற்றி வழக்கை ஜெயிக்கப் பார்ப்பது. வயதான சென்சார் பொதுவாக மந்தமாகும். மந்தமான சென்சார் அதிகம் ஆடாது. ஆடாவிட்டால் கன்வெர்ட்டர் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். அதனால் பி0420-க்குச் சென்சார் மட்டுமே காரணமாக இருப்பது குறைவு.

துப்பாக்கிச் சோதனை கேட்க நன்றாக இருக்கும். வேலை செய்யும் கன்வெர்ட்டரில் வெளியேறும் பக்கம் நுழையும் பக்கத்தைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. எரிபொருளைச் சுத்தமாக எரிக்கும் இன்றைய எஞ்சினில், கன்வெர்ட்டருக்குள் எரிய மிச்சம் அதிகம் இருப்பதில்லை. அதனால் நல்ல கன்வெர்ட்டரிலும் வித்தியாசம் சொற்பமாக இருக்கலாம். நான் அளந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

சரி, லைவ் டேட்டா. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றோடு சீரியம் ஆக்சைடும் இருக்கும். இது ஆக்சிஜனைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது விடும். அதனால் முன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கினாலும், பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் சேமிக்கும் சக்தி போய்விட்டது என்று சந்தேகப்படலாம். முன்பக்கம் வைட்பேண்ட் வகை (காற்று-எரிபொருள் விகிதத்தையே அளக்கும்) சென்சார் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அப்படித் தெரியாது. அங்கே பின் சென்சாரை மட்டும் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு விஷயம்: அளவை எந்த நிலையில் பார்க்கிறோம் என்பது. நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் பார்த்தேன். பின் சென்சார் கீழே விழுந்து விழுந்து எழுந்தது. 'போச்சு' என்றுதான் நினைத்தேன். அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் சில நிமிடம் நிறுத்திப் பார்த்தால் 0.65 அருகே அசையாமல் நின்றது. செத்துப்போன கன்வெர்ட்டர் அப்படி நிற்காது. ஐடிலில் மட்டும் ஆடினால் இரண்டு காரணம் இருக்கலாம்: கன்வெர்ட்டர் ஆறிப்போயிருக்கலாம், அல்லது புகைக் குழாய் எங்கோ ஒழுகலாம். ஐடிலில் புகை விட்டு விட்டு வரும். அந்த இடைவெளியில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ஏமாறும்.

எஞ்சின் ஆறிய பிறகு, வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். கன்வெர்ட்டருக்கும் பின் சென்சாருக்கும் நடுவில் இருந்த கேஸ்கெட்டில் குமிழி வந்தது. கேஸ்கெட்டை மாற்றினேன், கோடை அழித்தேன்.

நிஜமாகவே கன்வெர்ட்டர் போயிருந்தாலும் இதே ஸ்கேனர்தான் உதவும். பி0300 வரிசையில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத) கோடு இருக்கிறதா, ஃப்யூல் ட்ரிம், அதாவது கணினி எரிபொருளில் செய்யும் திருத்தம், கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து கன்வெர்ட்டரை உருக்கும். எஞ்சின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் மேலே படியும். அதைச் சரிசெய்யாமல் புதிதாகப் போட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

நான் பார்த்தது ஒரு நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஒரே ஒரு முறை. வி வகை எஞ்சினில் இரண்டாவது பக்கத்துக்கு பி0430 வரும். அதில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டு வண்டி இழுக்காமல் போவதும் வேறு நோய். அதற்குப் பின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

கோடை அழித்தால் கணினியின் சுயசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடும். இந்தக் கோடு பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் சோதனை தோற்றால்தான் விளக்கை எரியவிடும். ஆகவே மறுநாள் விளக்கு எரியவில்லை என்று சந்தோஷப்படவில்லை. ஸ்கேனரில் சுயசோதனை முடிவுகளைக் காட்டும் மோட் 6 பக்கத்தில் கன்வெர்ட்டர் சோதனையின் அளவும் அதன் வரம்பும் எண்களாகவே இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்கிறேன்.