பாத்ரூமை இடித்துக் கட்ட யாரிடம் கொடுக்கலாம்? நாள் கூலி, லேபர் காண்ட்ராக்ட், கம்பெனி: ஒரு மதிப்பீடு

சென்னையில் இருபது வருடப் பழைய ஃபிளாட், 8 x 5 அடி பாத்ரூம். டைல்ஸை உடைத்து, பைப் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புது டைல்ஸ் ஒட்டி, ஃபிட்டிங்ஸ் மாட்ட 15 முதல் 18 வேலை நாள் போதும். ஆனால் ஒன்றரை மாதம் இழுப்பது சர்வ சாதாரணம். "நாளைக்கு வந்துடறேன் சார்" என்ற மேஸ்திரியைத் திட்டித் தீர்ப்பதற்குமுன், வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க வேண்டிய இடத்தில்தான் நிற்கும். பிளம்பர் பைப்பைப் போட்டுவிட்டுப் போவார். பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடியை அடைக்கக் கொத்தனார் வர நாலு நாள். எலக்ட்ரீஷியன் பைப் புதைக்காமல் சுவர் மூட முடியாது. இந்த ஒரு சின்ன அறையில் இப்படி ஆறு கைமாற்றங்கள் வருகின்றன. அந்தக் கைமாற்றங்களுக்கு யார் பொறுப்பு என்பதை வைத்தே மூன்று வழிகளையும் எடை போட வேண்டும்.

நாள் கூலிக்கு ஆள் வைப்பதற்கு 5-க்கு 2. நாலு டைல்ஸ் மாற்றுவது, ஒரு கசிவை அடைப்பது போன்ற ஓரிரு நாள் வேலைக்குச் சரி. முழு பாத்ரூமுக்கு வேண்டாம். ஆறு கைமாற்றமும் உங்கள் தலையில் விழும். சீக்கிரம் முடித்தால் அவருக்குக் கூலி குறையும் என்னும்போது வேலை எப்படி ஓடும்?

லேபர் காண்ட்ராக்ட்டுக்கு 4. கூலியை மொத்தமாகப் பேசி மேஸ்திரியிடம் விட்டு, சாமானை நீங்களே வாங்கித் தருவது. பிளம்பரையும் டைல்ஸ்காரரையும் அவரே கூட்டிவருவதால் கைமாற்றம் அவர் கணக்கு. இதில் கெடுவது ஒரே இடத்தில்: காலை பத்து மணிக்கு ஒரு எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு) குறைந்தால் அன்றைய நாள் போச்சு. ஆட்கள் அவருடைய அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்பி வர மூன்று நாள். அதனால் சாமான் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். 8 x 5 அறைக்குச் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு 182 சதுர அடி, கதவைக் கழித்தால் 165. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 181. பெட்டிக்கு 9 சதுர அடி வரும் 12 x 18 அங்குல டைல்ஸ் என்றால் 21 பெட்டி. தரைக்கு 40, சேதாரத்தோடு 44 சதுர அடி. டைல்ஸ் ஒட்டும் அட்ஹெசிவ் 20 கிலோ மூட்டை சுமார் 50 சதுர அடிக்கு வரும். சுவருக்கும் தரைக்கும் சேர்த்து 5 மூட்டை. பெட்டிகளில் ஷேட் எண் எல்லாம் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்; பின்னால் வாங்கப்போனால் அதே ஷேட் கிடைப்பது அபூர்வம்.

கம்பெனி எடுத்துச் செய்யும் மொத்த காண்ட்ராக்ட்டுக்கு 3. பில் வரும், பேச ஒரு ஆள் இருப்பார். ஆனால் வேலைக்கு வருவது பல இடங்களில் அதே மேஸ்திரியின் ஆட்கள்தான், சப்-காண்ட்ராக்ட்டில். கொட்டேஷனில் "வாட்டர்ப்ரூஃபிங்: மொத்தமாக" என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் பொருள், எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம் என்று எழுதி வாங்குங்கள். சிபிவிசி பைப்பில் (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஐ.எஸ். 15778, டைல் அட்ஹெசிவில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர முத்திரை என்று குறிப்பிட்டால் மலிவுச் சரக்கு உள்ளே வராது. இடித்த குப்பையை மூட்டை கட்டிக் கீழே இறக்கி வண்டி ஏற்றுவது யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

எந்த வழியானாலும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறைதான் ஆளை வரவழைக்கும். பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்தால் அது அவருடைய முந்தைய சைட்டின் கடனை அடைக்கப் போகும். உங்கள் வேலைக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸ் வர வேண்டும். தொடங்கும்போது 10 சதவீதம், பைப் பிரஷர் டெஸ்ட் தாண்டியதும் 25, தண்ணீர் தேக்கும் சோதனை முடிந்ததும் 25, டைல்ஸ் முடிந்ததும் 25 என்று பேசுங்கள். மீதி 15 சதவீதம், ஃபிட்டிங்ஸ் மாட்டி ஒரு வாரம் புழங்கிய பிறகு. இந்த 15-ஐ 5 ஆகக் குறைத்தீர்களோ, வாஷ்பேசின் ஓரம் சிலிக்கான் அடிக்க யாரும் வரமாட்டார்கள். சாமான் பணத்தை மேஸ்திரி கையில் தராமல் கடைக்கே நேராகக் கட்டுங்கள்.

தொடங்கும் மாதத்தையும் கவனிக்கலாம். ஆடி பிறப்பதற்குள் கிரகப்பிரவேசம் என்று ஆனியில் எல்லோரும் நெருக்குவார்கள். அப்போது உங்கள் பாத்ரூம் கடைசி வரிசையில். ஆடியில் ஆள் கிடைப்பது சுலபம். தீபாவளியை ஒட்டித் தொடங்கினால் உள்ளூர் ஆட்களும் ஊருக்குப் போவார்கள், பீகார் ஆட்கள் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள்.

இனி சோதனைகள். பிரஷர் டெஸ்ட் என்று சொல்லிவிட்டு மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்து காட்டுவது பழைய தந்திரம். 10 மீட்டர் உயரத் தொட்டி தருவது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம்தான். அரைகுறையாக ஒட்டிய ஜாயின்ட்கூட அதைத் தாங்கும், ஆறு மாதம் கழித்துக் கசியும். ஒட்டிய பைப்பை ஒரு ராத்திரி விட்டு, வாய்களை டம்மி மூடியால் அடைத்து, கைப்பம்பால் 10 கிலோ ஏற்றி ஒரு மணி நேரம் பாருங்கள். அழுத்தம் காட்டும் முள் அசையக் கூடாது. சிபிவிசிக்கு அதற்குரிய சால்வென்ட் பசைதான்; சாதா பிவிசி பசை சுடுதண்ணீருக்குத் தாங்காது. டைவர்ட்டரை (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும் வால்வு) புதைக்கும் ஆழத்தில் அட்ஹெசிவ், டைல் கனம் இரண்டும் சேர வேண்டும். மறந்தால் மூடித்தட்டு சுவரில் உட்காராது.

கம்மோடில் நடக்கும் தப்பும் இதே ரகம். கழிவு தரை வழியாகப் போகும் எஸ்-ட்ராப் கம்மோடுக்குச் சுவரிலிருந்து குழாய் நடுமையம்வரை 9 அல்லது 12 அங்குலம் என்று வாங்கும்போதே தெரியும். அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. பூச்சுச் சுவரிலிருந்து அளந்தால் 20 மில்லிமீட்டர்வரை குறைந்து, ஃபிளஷ் தொட்டி சுவரில் இடிக்கும்.

கீழ்வீட்டு சீலிங் ஒழுகுவதற்கு முதல் காரணம், ஸ்லாபைத் துளைத்துப் போகும் பைப்பைச் சுற்றி வெறும் சிமெண்ட் கலவை அடைப்பது. அது காய்ந்து சுருங்கி முடி அளவு இடைவெளி விடும். அங்கே சுருங்காத கிரவுட் என்ற நிரப்புக் கலவைதான் போட வேண்டும். தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பைச் சுற்றியும் அப்படியே. தரையும் சுவரும் சேரும் மூலையைச் சரிவாக மழுக்கி, அதன்மேல் பாலிமர் கோட்டிங் இரண்டு கோட், ஒன்று நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில். சுவரில் 1 அடி. ஷவர் பக்கம் 6 அடி. சங்கன் ஸ்லாப் (பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) என்றால் பள்ளத்தின் அடியிலும் ஒருமுறை, நிரப்பிய பிறகு மேலேயும் ஒருமுறை. பிறகு ட்ராப்பை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி, பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். கொஞ்சம் ஆவியாகும். அதனால் கோட்டை மட்டும் நம்பாமல் கீழ்வீட்டாரிடம் சொல்லி அவர்கள் சீலிங்கையும் பார்க்க வேண்டும். "24 மணி நேரம் போதும் சார்" என்பார்கள். போதாது.

டைல்ஸ் முதுகில் நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து கலவை உருண்டை வைத்து அமுக்கினால் உடனே நிறுத்துங்கள். உருண்டைகளுக்கு இடையில் பொள்ளலாகும், தண்ணீர் தங்கும். பல் கரணையால் முழுதும் இழுத்து ஒட்ட வேண்டும். விட்ரிஃபைட் டைல் தண்ணீர் குடிக்காது, அதற்குச் சிமெண்ட் பால் பிடிக்காது. மறுநாள் சுத்தியல் கைப்பிடியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் சாக்பீஸ் குறி போட்டு மாற்றச் சொல்லுங்கள். தரை வாட்டம் 8 அடிக்கு 1 அங்குலம். ரசமட்டத்தை நம்புவதைவிட ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது மேல்.

2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பாயின்ட், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதில் பேரம் வேண்டாம்.

அப்படியும் பாதியில் விட்டுப் போனால், பணம் கொடுத்த ரசீதும் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்ட தேதிகளும் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

சுவரை மூடுமுன் நாலு பக்கமும் டேப் வைத்து ஃபோட்டோ எடுத்துவிடுங்கள், பைப் தரையிலிருந்து எத்தனை அங்குலம், மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று தெரியும்படி. டவல் ராடு மாட்ட வருபவர் ட்ரில்லை எடுத்ததும் முதலில் அந்தப் படத்தைத்தான் கேட்பார்.