பசார் பின்னாடி இருக்குற இங்கிலீஷ் டியூஷன்: ஆறு மாசத்துக்குப் பிறகு

மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பசார் (சந்தை) பின்னாடி, ஒரு கடை மாடியில நடக்குற டியூஷனுக்கு மகளை அனுப்பி ஆறு மாசம் ஆச்சு. படிவம் 4, அதாவது பத்தாவது வருஷம் படிக்கிறா. வாரம் ரெண்டு நாள், மாசம் 70 வெள்ளி (ரிங்கிட்).

முதல்ல வேற ஒரு இடத்துக்குத்தான் அனுப்பினேன். பேரு வேணாம். சேர்த்த அன்னைக்கே, "வீட்டுல தமிழ் பேசுறதை நிறுத்துங்க"ன்னாங்க. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, அவங்ககூட பேத்தி எதுல பேசுவா? ரெண்டே மாசத்துல நிறுத்திட்டேன்.

இந்த டீச்சர் முதல் நாளே, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. மக "ஐ ஆல்ரெடி ஈட் தோசை"ன்னா. 'ஏட்'னு (ate) சொல்லியிருக்கணும். டீச்சர் சிரிக்கல. "இது மலாய்ல இருந்து வந்த தப்பு, தமிழ் மேல பழி போடாதீங்க"ன்னாங்க. மலாய்ல சாப்பிடுறதுக்கு மாக்கான், நேத்தும் மாக்கான்தான், நாளைக்கும் மாக்கான்தான். முன்னால சுடா (முடிஞ்சதுக்கு), ஆக்கான் (இனிமே நடக்குறதுக்கு) போட்டா முடிஞ்சது. தமிழ்ல சாப்பிட்டேன், சாப்பிடுறேன், சாப்பிடுவேன்னு சொல்லே மாறிடும். "பாட்டிகிட்ட சொல்ற மாதிரி மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாரு, எப்ப நடந்துச்சுன்னு காதுல விழும், அப்புறம் இங்கிலீஷுக்குப் போ"ன்னாங்க டீச்சர். ஹீ, ஷீ மாறிப்போறதும் அப்படித்தானாம். மலாய்ல ரெண்டு பேருக்கும் ஒரே டியா. நமக்கு அவன் வேற, அவ வேற. இத்தனை வருஷமா தமிழ் பேசுறேன், இப்படி யோசிச்சதே இல்ல.

இங்கிலீஷ்ல பேருக்கு முன்னால எ, தி (a, the) போடுற இடத்துல மட்டும் டீச்சருக்கே திணறல்தான். தமிழ்லயும் இல்ல, மலாய்லயும் இல்ல, எதைக் காட்டிப் புரிய வைக்கிறது?

எனக்கு இதுல ஒரு பழைய பயம் உண்டு. மூத்தவன் 2003-ல ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தான். அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துல கணக்கும் அறிவியலும் இங்கிலீஷுக்கு மாறுச்சு. வீட்டுல சொல்லிக் குடுக்க எனக்கு வாய் வரல. பய கணக்கையும் வெறுத்தான், இங்கிலீஷையும் வெறுத்தான்.

குறைன்னா, ஒரே வகுப்புல 24 பேர். ரெண்டு காத்தாடி, ஒண்ணு சுத்தாது. படிவம் 5 முடிவுல எழுதுற எஸ்.பி.எம். அரசாங்கப் பரீட்சையில இங்கிலீஷ்ல படிக்க, எழுத, பேச, கேக்கன்னு நாலு தாள். கேக்குற பயிற்சிக்கு டீச்சர் தன் போன்லதான் ஒலிப்பதிவு போடுறாங்க. பின்வரிசைக்குக் கீழ மீன் வெட்டுற சத்தம்தான் கேக்குது. புதன்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்காது, மோட்டார்ல கொண்டுவிடுறது நல்லது.

இன்னொண்ணு, கட்டணம் கேட்டு வர்ற வாட்ஸ்அப் எல்லாம் இங்கிலீஷ்லயே வந்துச்சு. வீட்டுக்காரிக்குப் புரியல, ரெண்டு தடவை தாமதக் கட்டணம் 5 வெள்ளி கட்டினோம். டீச்சர்கிட்ட சொன்னேன். இந்த மாசம் தமிழ்ல அனுப்பினாங்க. மூணு எழுத்துப்பிழை. மகதான் திருத்தித் திருப்பி அனுப்பினா.