கான்ஸ்டபிள் பிரிண்டுகள்: பேப்பரில் வாங்கலாம், கேன்வாஸ் வேண்டாம்

ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் கிராமத்துக் காட்சிகள் மூன்றை ஆன்லைனில் பிரிண்டாக வாங்கினேன்: 'தி ஹே வெய்ன்', 'தி கார்ன்ஃபீல்ட்', 'வைவன்ஹோ பார்க்'. முதலாவது அருமை, கடைசியானது பரவாயில்லை, நடுவில் உள்ளதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

'ஹே வெய்ன்' 1821-இல் வரைந்தது. அசல் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, கிட்டத்தட்ட 130 சென்டிமீட்டர் உயரம், 185 அகலம். இந்த அளவு ஏ2 தாளின் (42-க்கு 59 சென்டிமீட்டர்) விகிதத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்துவதால் எதையும் வெட்டாமல் முழுப் படமும் வந்துவிடுகிறது. நான் எடுத்தது பளபளப்பில்லாத பருத்திப் பேப்பர். ஸ்டூர் ஆற்றுத் தண்ணீரில் நிற்கும் காலி வண்டி, இடது பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு, தூரத்துப் புல்வெளியில் பொடிப்பொடியாக வேலை செய்கிற ஆட்கள், எல்லாமே தெளிவாகத் தெரிகின்றன. குதிரைச் சேணத்தில் இருக்கும் சிவப்பைத்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் பச்சையும் பழுப்புமாக இருக்கும் படத்தில் அந்தச் சிவப்பு கொஞ்சம்தான், நிறத்தைத் தூக்கிக் காட்டும் ஆசையில் பிரிண்ட் போடுபவர் கை வைத்தால் கண்ணைக் குத்தும். இதில் அடக்கமாக இருக்கிறது.

குறை என்றால் அந்த வெள்ளைப் பொட்டுகள். இலை மேலும் தண்ணீர் மேலும் ஈரம் மின்னுவதற்காக கான்ஸ்டபிள் வைத்த பொட்டுகளை அந்தக் காலத்திலேயே 'ஸ்னோ', அதாவது உறைபனி என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். அசலில் அது மேடாக நிற்கும் பெயிண்ட், பேப்பரில் தட்டையாகிவிடுகிறது. ஏ2 அளவில் கண் ஏற்றுக்கொள்கிறது. ஏ4 வாங்கினால் அச்சுப் பிழை மாதிரிதான் இருக்கும், காசைப் பாழாக்க வேண்டாம்.

அப்புறம் வானம். 1821, 1822 இரண்டு வருஷமும் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் உட்கார்ந்து மேகமாக வரைந்து தள்ளி, பின்பக்கம் நேரம், காற்றுத் திசை வரைக்கும் குறித்து வைத்த மனுஷன். அவருடைய வானம் ஒரே சாம்பல் பூச்சாக வந்தால் அது மோசமான பிரிண்ட், மேற்கொண்டு பார்க்கவே தேவையில்லை.

'கார்ன்ஃபீல்ட்' கதைக்கு வருவோம். 1826-இல் வரைந்த நெட்டுவாக்குப் படம், 143-க்கு 122, அதாவது சதுரத்துக்குப் பக்கம். விற்றவர்கள் அதைத் தங்கள் வழக்கமான ஃப்ரேமுக்குள் அடைக்க இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள். அது போதாதென்று கேன்வாஸில் அடித்து, மேலே தூரிகைத் தடம் மாதிரி ஜெல் வேறு பூசியிருந்தார்கள். குப்புறப் படுத்துத் தண்ணீர் குடிக்கும் பையன் மேல் ஜெல் கோடு ஒரு பக்கம் ஓடுகிறது, படத்தில் உள்ள தூரிகை வேறு பக்கம் ஓடுகிறது. விளக்குப் போட்டால் வார்னிஷ் பளபளப்பில் மரமே தெரியவில்லை.

'வைவன்ஹோ பார்க்' 1816-இல் வரைந்தது, உயரம் 56, அகலம் 101. இதற்குச் சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடச் சொன்னேன், தப்பித்தது. பச்சை மட்டும் கொஞ்சம் மஞ்சளடித்துவிட்டது. உண்மையில் இதைக் கடையில் வாங்கியிருக்கவே வேண்டாம்: அசலை வைத்திருக்கும் வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் படத்தை இலவசமாகவே தருகிறது. இறக்கி, நல்ல லேபில் கொடுத்தால் போதும். ஏ2-வுக்கு நீளப் பக்கம் 7,000 பிக்சல் இருந்தால் நல்லது.

கான்ஸ்டபிளே பிரிண்ட் விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்தான். டேவிட் லூகாஸ் என்ற செதுக்குக் கலைஞரை வைத்து 1830 முதல் தன் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை மெசோடின்ட்டாக (உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடும் படம்) வெளியிட்டார், சரியாக விற்கவில்லை. அந்த மெசோடின்ட்களின் பிரிண்ட் எங்காவது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், நிறம் கெட்டுப்போகும் கவலையே இல்லை.

திருப்பி அனுப்பிய கேன்வாஸுக்குப் பணம் வந்துவிட்டது. அனுப்பிய செலவு மட்டும் என் தலையில்.