கோழிக்கு மூக்கடைப்பு: உப்புநீரா, ஆவியா, எண்ணெயா, மருந்தா?

ஒரு பக்க மூக்குத்துளையில் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லிய சீழ்க்கை மாதிரி சத்தம் வரும். மற்றபடி கோழி தீனி தின்னும், மண்ணைக் கிளறும். பார்க்கிற நமக்குத்தான் கை பரபரக்கும். நானும் முதல் தடவை ஊக்கின் நுனியால் நோண்டி எடுக்கப் பார்த்தேன். ரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் அந்த ரத்தமே காய்ந்து, முன்பு இருந்ததைவிடக் கெட்டியான அடைப்பாகிவிட்டது. அந்தக் கோழி பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

எந்த வழியானாலும் முதலில் அந்த மூக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். துளைக்கு மேலே கூரை இறக்கியது மாதிரி ஒரு கெட்டியான மடல் இருக்கும். அதன் அடியில் உற்றுப் பார்த்தால் வெளிறிய சுவர் மாதிரி ஒன்று நிற்கும். அது அழுக்கு அல்ல, மூக்கின் பாகமேதான். அதை அடைப்பு என்று நினைத்துக் குத்திவிடுகிறவர்கள் நிறைய. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் அதைத் தொடவே கூடாது. இன்னொன்று, கோழியின் மேலண்ணத்தில் நீளமாக ஒரு பிளவு உண்டு. மூக்கில் விடும் எதுவும் அந்த வழியாக வாய்க்குள் இறங்கும். மூச்சுக்குழாயின் வாசலும் நாக்கின் வேருக்குப் பின்னால் அங்கேயேதான் இருக்கிறது.

ஊக்கு, ஊசி, கூரான பல்குத்தும் குச்சி எல்லாவற்றையும் இத்தோடு விட்டுவிடலாம். அடைப்பு ஒரு நிமிடத்தில் வந்துவிடுவது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

வெளிப்பொருக்குக்கு என் தேர்வு வெதுவெதுப்பான உப்புநீர். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 0.9 சதவீதம், ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனின் அதே அளவு. 250 மில்லிக்கு இரண்டேகால் கிராம் போதும். கோழியை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சிறகு அடங்கியிருந்தால் சரி, நெஞ்சை அழுத்தக் கூடாது. கோழிக்கு உதரவிதானம், அதாவது நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நின்று மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது. மார்புக்கூடு ஏறி இறங்கினால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே திணறிப்போகும்.

பஞ்சை உப்புநீரில் நனைத்து, பிழிந்து, மூக்கின் மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வையுங்கள். எடுத்துவிட்டு மறுபடி புதுப் பஞ்சு. நான்கைந்து தடவை இப்படிச் செய்தால் பொருக்கு ஊறி, ஓரம் கிளம்பும். அப்போது ஈரமான பட்ஸால் அலகின் நுனிப்பக்கமாக வழித்துவிட வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. வராவிட்டால் விட்டுவிட்டு மாலையில் மறுபடி பார்க்கலாம். சொட்டு விடுவதானால் தலையைச் சற்றே முன்னுக்குச் சாய்த்து ஒரே ஒரு சொட்டு. தலையை அண்ணாத்தி ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். சிரிஞ்சால் வேகமாகப் பீச்சுவதும் அதே ஆபத்துதான்.

சுத்தமானதா என்று தெரிந்துகொள்ள, ஒரு பொடி இறகைத் துளைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். மூச்சு போகிறது என்றால் இறகு அசையும்.

ஆவி பிடிக்க வைப்பது பலரும் சொல்லும் யோசனை. மனிதருக்கு இதமாக இருக்கிறதே, கோழிக்கும் இருக்காதா என்று கேட்பார்கள். கோழியின் உடல் சூடே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் கோழியைச் சூடான ஈரக்காற்றில் மூடி வைத்தால், இருந்த ஒரே வழியையும் அடைத்த மாதிரிதான். கொதிநீர் தட்டிவிடும் அபாயம் வேறு. இதற்குப் பதில் நெபுலைசரில், அதாவது திரவத்தை நுண்துளிகளாக்கும் கருவியில், வெறும் சலைனை வைத்துக் குளிர்ந்த பனிபோலக் காட்டலாம். பெட்டியில் வைத்து, காற்றுக்கு இடம் விட்டு மூடி, பத்து நிமிடம் போதும். உள்ளே சளி கட்டிக் கரகரவென்று கேட்கும் கோழிக்கு அது இதமாக இருக்கும். ஆனால் துளையின் வாயில் காய்ந்து கிடக்கும் பொருக்கை அது அசைக்காது. அதற்குப் பஞ்சு ஒற்றுவதே மேல்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பொருக்கை ஊற வைப்பதில் எண்ணெய் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மூக்குக்குள் இறங்கிய சொட்டை மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டால், நம்மைப் போலப் பலமாக இருமி வெளியே தள்ள அதனால் முடியாது. நுரையீரலுக்குப் போன எண்ணெய் கரையாது. அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்கள் அந்த மென்மையான சவ்வை எரிச்சல்படுத்தும். சுத்தம் செய்து முடித்த பிறகு, துளையைச் சுற்றி வெளியே மட்டும் நகம் தடவிய அளவு வாசலின் பூசலாம். மறுபடி பொருக்குத் தட்டாமல் இருக்க உதவும். எண்ணெய்க்கு நான் தரும் இடம் அவ்வளவுதான்.

இனி ஆன்டிபயாடிக். மூக்கு அடைத்தால் உடனே தண்ணீரில் மருந்தைக் கலக்குகிற பழக்கம் பரவலாக இருப்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் உடம்பில் சீழ் நீராக வடியும். கோழியின் சீழ் அப்படி வடியாது. கட்டித் தயிர் காய்ந்த மாதிரி இறுகிவிடும். நம் வெள்ளணுக்களில் சீழைக் கரைக்க உதவும் நொதிகளில் சில கோழியின் வெள்ளணுக்களில் இல்லை. இறுகிய கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்தும் அங்கே போய்ச் சேராது. எத்தனை நாள் கொடுத்தாலும் அடைப்பு அடைப்பாகவே கிடக்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது? கண்ணில் நுரை கட்ட வைக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தாக்கும் அமாக்ஸிசிலின் அதன்மேல் வேலை செய்யாது. டைலோசின், டாக்ஸிசைக்ளின் போன்றவைதான் பிடிக்கும். முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வந்தால் கொரைசா என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். தொற்றிய ஒன்று முதல் மூன்று நாளிலேயே அறிகுறி காட்டி, கூட்டம் முழுக்க மளமளவென்று பரவுவது அதன் குணம். இந்த இரண்டு நோய்களிலும் மருந்து அறிகுறியை அடக்கும், ஆனால் தேறிய கோழி கிருமியைச் சுமந்தபடியே திரியும். வைரஸ் நோய்க்கு இந்த மருந்துகளால் பயனே இல்லை. நோயாளிக் கோழி தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் கலந்த மருந்தும் அரைகுறையாகவே போகும். முட்டையிலும் மருந்து இறங்கும். எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமல் தொடங்கவே கூடாது. ஆன்டிபயாடிக்குக்கு நான் எதிரி அல்ல. மருத்துவர் பார்த்து, பெயரும் அளவும் நாளும் சொன்னால் அது நல்ல ஆயுதம்.

அப்படியானால் எப்போது வீட்டு வைத்தியம், எப்போது மருத்துவர்? ஒரு பக்கம் மட்டும், வெளியே மட்டும், கோழி சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் உப்புநீரோடு இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். பெரும்பாலும் மாவுத்தீவனம் ஈரத்தில் ஒட்டிக் காய்ந்ததாகவே இருக்கும். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தால் கதை வேறு. அங்கே இருக்கும் குழிக்கு வெளிப்புறம் எலும்புச் சுவர் இல்லை, அதனால்தான் சீழ் சேர்ந்ததும் கன்னம் புடைக்கிறது. அதைக் கீறி எடுத்துக் கழுவுவது மருத்துவரின் வேலை.

அலகைத் திறந்தும் பாருங்கள். வாய்க்குள் வெள்ளையாகச் சிறு கொப்புளங்கள் இருந்தால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். தீவனத்தைச் சரிசெய்யாமல் மூக்கை மட்டும் கழுவிப் பயனில்லை. மஞ்சள் படலமாக ஒட்டியிருந்தால் கோழி அம்மையின் ஈரவகையாக இருக்கலாம். அதை உரித்தால் ரத்தம் கொட்டும், கை வைக்காதீர்கள். கழுத்தை நீட்டி, வாய் பிளந்து மூச்சு வாங்கினால் அன்றே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பல கோழிகள் ஒரே நேரத்தில் சுருண்டாலோ, திடீரென்று செத்தாலோ வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும். வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாகச் சரியாகுமா என்றும் கேட்பார்கள். தூசி ஒட்டியது என்றால் சில சமயம் ஆகும். ஆனால் விட்டுப் பார்ப்பதற்கும் மறந்துபோவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தனியாகப் பிரித்து வைத்து, காலையும் மாலையும் பார்த்தால்தான் அது விட்டுப் பார்ப்பது.

அடைப்பு நீங்கிய கோழிக்கு அடுத்த வாரமே திரும்ப வந்தால், காரணம் பெரும்பாலும் இருப்பிடத்தில் இருக்கும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா 25 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) தாண்டினாலே மூச்சுப்பாதையின் சவ்வு புண்படும். அளவுகோல் எதுவும் வேண்டாம். விடியற்காலையில் கூண்டைத் திறந்ததும், கோழி படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து நான்கு மூச்சு இழுத்துப் பாருங்கள். மூக்கில் சுள்ளென்று ஏறினால், அன்று முதல் வேலை கூளத்தை மாற்றுவது. மூக்கைத் துடைப்பது அதற்கப்புறம்.