இறுகிப்போன இடுப்புக்கு யோகா வகுப்பா, வீட்டுப் பாயா?

அப்பாவின் திதிக்கு மணையில் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியிருக்காது, கால் மரத்துவிட்டது. இரண்டு முட்டியும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. "தம்பி, நாற்காலி போடச் சொல்லவா?" என்றார் ஐயர். எனக்கு 39 வயது. அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், சம்மணம் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு மூன்று வழிகளைப் பார்த்தாகிவிட்டது: வாரம் இரண்டு நாள் யோகா வகுப்பு, வீட்டிலேயே தினமும் ஸ்ட்ரெச்சிங், பிசியோ ஒருவர் காட்டிய 'இறுக்கித் தளர்த்தும்' முறை. இன்றைக்கும் நிற்காமல் நடப்பது வீட்டு வைத்தியம்தான், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

வகுப்பில் செலவும் அலைச்சலும் உண்டு என்பது தெரிந்த கதை. ஆனால் தப்பைப் பிடிக்க ஒரு கண் இருக்கிறது. ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இன்னொரு காலை முன்னால் வைக்கும் ஆஞ்சநேயாசனத்தில் நான் இடுப்பை நீட்டவே இல்லை, முதுகைத்தான் வளைக்கிறேன் என்று ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. இதில் நீள வேண்டிய சோயாஸ் தசை கீழ்முதுகு எலும்புகளில் தொடங்கி, இடுப்பெலும்புக்கு முன்னால் இறங்கி, தொடையெலும்பின் உள்பக்கத்தில் முடிகிறது. முதுகு உள்வளைந்தால் அது தொய்ந்துவிடும், எவ்வளவு முன்னால் சாய்ந்தாலும் பிரயோஜனமில்லை.

அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மடித்த துண்டின் மேல் ஒரு முட்டி, இன்னொரு கால் முன்னால். பின்னால் இருக்கும் காலின் பக்கத்துப் புட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்ளே இழுக்க வேண்டும். ஓர் அங்குலம்கூட நகராமலே தொடையின் முன்பக்கம் சுள்ளென்று இழுக்கும். 30 விநாடி, பக்கத்துக்கு இரண்டு தடவை. சம்மணத்துக்கு இது மட்டும் போதாது, தொடை வெளிப்பக்கம் திரும்பவும் வேண்டுமே. அதற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, தலையணை மேல் உட்கார்ந்து, பாதங்களை ஒட்டவைத்து முட்டிகளை இருபக்கமும் விரிக்கும் பத்த கோணாசனம். முட்டியைக் கையால் அமுக்குவதில்லை. எல்லாம் சேர்த்து ஏழெட்டு நிமிஷம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: விட்டால் போய்விடும். முதல் சில வாரங்களில் கிடைக்கும் இளக்கத்தில் பெரும்பங்கு தசை நீண்டதால் வருவதல்ல, இழுவையை நரம்புகள் பொறுத்துக்கொள்ளப் பழகுவதால் வருவது. பழக்கம் விட்டால் பொறுமையும் போய்விடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிபுணர்களின் அமைப்பு (ACSM) வாரத்துக்கு 2, 3 நாளாவது செய்யச் சொல்கிறது, தினமும் என்றால் இன்னும் நல்லது என்கிறது. என் வகுப்போ மாதக் கடைசி வேலை நெருக்கடியில் வாரம் ஒன்றாகும், பிறகு பூஜ்யம். வீட்டில் இரவு பல் தேய்த்த கையோடு பாயை விரித்தால் முடிந்தது.

இதற்கு என் அளவுகோல் காபிப் பாத்திரம். ஆரம்பத்தில் சம்மணம் போட்டால் முட்டிக்குக் கீழே டம்ளர் நிமிர்ந்து நிற்கும். மூன்று மாதத்தில் டபரா மட்டுமே நுழைந்தது. ஒரு வேலைக்காக மூன்று வாரம் வெளியூரில் தங்கித் திரும்பினேன், டம்ளர் மறுபடி நின்றது!

இறுக்கித் தளர்த்தும் முறை 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் காபட் என்ற மருத்துவர் நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்காக உருவாக்கியதிலிருந்து வந்தது. இன்னொருவர் கைக்கு எதிராக ஐந்தாறு விநாடி தள்ளி, தளர்த்தி, இன்னும் கொஞ்சம் நீட்டுவது. அன்றைக்கே பலன் தெரியும். ஆனால் பிடித்துத் தள்ள ஆள் வேண்டும். மனைவி இரண்டு வாரம் உதவினாள், அவ்வளவுதான் என் அனுபவம். ஆறு மாதம் செய்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

தொடை மடியும் இடத்தில் ஊசி குத்துவதுபோல் வலித்தால் அது இறுக்கமாக இல்லாமலும் இருக்கலாம், எலும்பின் அமைப்பே இடிக்கக்கூடும். அமுக்கிப் பார்க்காமல் பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.

இந்த வருஷத் திதிக்கு, மணை மேல் நாலாக மடித்த துண்டைப் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். பிண்டம் வைக்கும்போது ஒரு தடவை கால் மாற்றிக்கொண்டேன்.